கோட்டைப் படியில் ஒற்றைக்கண் ஆடு

“சவப்பெட்டியிலேருந்து எந்திரிக்கிறப்ப ரத்தக்காட்டேரி மொதல்ல எந்தக் கைய வெளிய நீட்டும்? வலது கையா, இடது கையா?”

ரோசரி ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் கறுப்புத் துணியுமாக நின்றுகொண்டு, தைரியராஜைப் பார்த்துத்தான் கேட்டாள். துணி ஒரே ஒரு கையுறைக்குத்தான் காணும்.

தைரியராஜ் கிடாரின் தடித்த கம்பியை ஒருமுறை மீட்டினான். யோசிக்கிறான் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

“இடது கை” என்றான்.

“டேய் தைரியம், உளறாத. வலது” என்றான் கிளமென்ட். ரோசரியின் அண்ணன். குழுவின் தலைவனும் அவன்தான்.

“மாப்ள, படத்துக்குப் படம் மாறும்டா” என்று டிரம்முக்குப் பின்னாலிருந்து அழகிரி தீர்ப்புச் சொன்னான். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ் பிடித்து வந்து அடிப்பவன் அவன். “பேய்க்கு என்ன, ரெண்டு கையும் ஒண்ணுதான்.”

மேலப்புதூரில் கிளமென்ட் வீட்டின் பின்னறையில் இந்த நான்கு பேரும் சேர்ந்து நடத்திய குழுவுக்கு ‘ஏழாம் கல்லறை’ என்று பெயர். முதல் ஆறு கல்லறை எங்கே என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் மாமா கொண்டுவந்து கொடுத்த ஒரு கேசட்டிலிருந்து எல்லாம் ஆரம்பித்தது. வெளிநாட்டில் அந்தச் சங்கீதத்துக்கு டூம் மெட்டல் என்று பெயராம். பழைய ஐரோப்பியப் பேய்ப்படங்களைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பயத்தையே பாட்டாகப் போடுவார்களாம். யானை ஒன்று துக்கத்தோடு மாடிப்படி ஏறுவது போல இருக்கும். ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடி விழுவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

“பேய்ப்படம் பாக்கப் பயப்படுற ஆளுங்கள நம்ம பேண்டுல சேக்காதண்ணே” என்று முதல் நாளே ரோசரி சொல்லிவிட்டாள். மாதா கோவிலில் ஆர்கன் வாசிக்கிற பெண். சாந்தமான முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னதும், தைரியராஜ் இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

உட்கார்ந்தானே தவிர, உண்மை வேறு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயருக்கும் அவனுக்கும் அன்றே உறவு முறிந்துவிட்டது. ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் காலைக்காட்சியாக வந்த பேய்ப்படங்களுக்கெல்லாம் மற்ற மூவரோடு அவனும் போனான். ஒன்றைக்கூட விட்டதில்லை, ஒன்றைக்கூடப் பார்த்ததுமில்லை. விளக்கு அணைந்ததும் கண்ணை மூடினால், விளக்கு எரிந்தபிறகுதான் திறப்பான். சட்டைப்பையில் ஜெபமாலை உருண்டுகொண்டே இருக்கும். சிலுவையைக் கண்டால் ரத்தக்காட்டேரி ஓடிவிடும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் அறைக்கு ஒரு சிலுவை தொங்கியது. ஆனால் காட்டேரிக்கு அது தெரிய வேண்டுமே!

கண்ணை மூடலாம்; காதை எப்படி மூடுவது? கீல் முனகுவது, காற்று ஜன்னலை அறைவது, கல் தரையில் செருப்பு இழுபடுவது எல்லாம் உள்ளே போய்த் தங்கிவிட்டன. வீட்டுக்கு வந்து கம்பிகளைத் தளர்த்திவிட்டு அவற்றை அப்படியே மீட்டினான். குழுவின் பாட்டுகளெல்லாம் அப்படிப் பிறந்தவைதான். “எப்படிங்க இவ்வளவு சரியா வருது?” என்று ரோசரி ஒருமுறை கேட்டபோது, “கூர்ந்து பாக்கணும்” என்று சொல்லிவைத்தான்.

இப்போது டவுன் கல்லூரி ஒன்றில் மேற்கத்திய இசைப் போட்டி. மெட்ராஸிலிருந்து நடுவர் வருகிறார். ஜெயிக்கிற குழுவுக்கு மெட்ராஸில் கேசட் போட்டுத் தருகிறார்களாம். நால்வரும் போய்வந்த ஒரு ரத்தக்காட்டேரிப் படத்தில் வருகிற மாதிரியே, பாட்டோடு மேடையில் ஒரு கோட்டையும் சவப்பெட்டியும் வைத்து அசத்துவது கிளமென்ட்டின் திட்டம். கையுறைச் சிக்கல் அதனால் வந்தது.

“எதுக்கு வாக்குவாதம்?” என்றாள் ரோசரி. “அதே படம் திரும்ப ஓடுது. நாளைக்கே நாலு பேரும் போயிப் பாத்துட்டு வந்துருவோம்.”

“போகலாம்” என்றான் கிளமென்ட். குரலில் அவ்வளவு வேகம் இல்லை.

தைரியராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தான். போய்விட்டு வந்தால் எந்தக் கை என்று கேட்பார்கள். கைகள் சத்தம் போடுவதில்லை.

“அட, எதுக்கு வீண் செலவு?” என்று அவசரமாகச் சொன்னான். “படம் முழுக்க என் மண்டைக்குள்ள இருக்கு. நாம எல்லாரும் போறதுக்கு முன்னாடி நான் தனியா ரெண்டு தடவ வேற பாத்துருக்கேன்.”

“நல்லதாப் போச்சு!” என்று மூவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

தைரியராஜ் மூச்சை விடுவதற்குள் கிளமென்ட் தொடர்ந்தான்: “அப்ப நாளைக்கு சாயங்காலம் மொதல் சீன்லேருந்து கடைசி சீன் வரைக்கும் நீ சொல்லு. அத வச்சு மேடையக் கட்டிப்புடலாம்.”

*

தைரியராஜ் அரியமங்கலத்தில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். அங்கே லேத் ஓட்டுகிற இன்னாசிராஜ் எந்தப் படம் வந்தாலும் பார்த்துவிடுவார். நைட் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே காலைக்காட்சிக்குப் போகிற மனிதர்.

டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து மெதுவாகக் கேட்டான்.

“அந்தப் படமா? அடேயப்பா!” என்றார் இன்னாசிராஜ். “மலை மேல ஒரு கோட்ட. மழ. ஒருத்தன் குதிரவண்டில வந்து எறங்குறான். கதவு தானா தொறக்குது.”

“அது தெரியும்ணே. சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம்…” இன்னாசிராஜ் வடையைக் கடித்துக்கொண்டு கண்ணை மேலே செருகினார். “படிக்கட்டுல ஒரு ஆடு நிக்கும் தம்பி.”

“ஆடா?”

“ஒத்தக்கண்ணு ஆடு. கறுப்பு. அப்படியே உன்னையே பாக்கும். அதுதான் பேயோட வாகனம். அது மணிய ஆட்டுனா உள்ள பேய் எந்திரிக்கும். ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வரும்.”

இரவெல்லாம் லேத் ஓட்டிய மனிதர் குளுகுளு தியேட்டரில் எவ்வளவு நேரம் விழித்திருப்பார், எப்போது தூங்குவார், எதைத் திரையில் பார்த்தார், எதைத் தூக்கத்தில் பார்த்தார் என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் தைரியராஜ் இல்லை. ரெண்டு கை என்ற விடை கிடைத்துவிட்டது. இனித் துணி ரோசரி பாடு.

அன்று சாயங்காலம் பின்னறையில் கதை சொன்னான். மழை வந்தது, வண்டி வந்தது, கதவு திறந்தது. ஆடு வரும் இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆடு என்றதும் சிரித்துவிடுவார்களோ?

யாரும் சிரிக்கவில்லை.

“ஆமா, ஆமா, அந்த ஆடு!” என்றான் கிளமென்ட். “அத எப்படிடா மறந்தேன்?”

“அது ஒரு பார்வ பாக்கும் பாரு” என்றான் அழகிரி. “எனக்கு முதுகெல்லாம் வேர்த்துருச்சு மாப்ள.”

“எனக்கு அந்த சீன்தான் ரொம்பப் பிடிச்சது” என்றாள் ரோசரி.

தைரியராஜுக்கு உயிர் வந்தது. இன்னாசிராஜ் அண்ணன் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்! இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நல்ல ஆட்டைத் தவறவிட்டுவிட்டோமே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வருத்தம் நீடிக்கவில்லை.

“அப்ப மேடைல ஆடு நிக்குது” என்றான் கிளமென்ட்.

“அட்டைல வெட்டி நிறுத்திடலாம்டா.”

“அட்டையா? அட்ட ஆடு மணிய ஆட்டுமா?”

“ஆடு அவ்வளவு முக்கியம் இல்ல கிளமென்ட்…”

“என்னங்க இப்படிச் சொல்றீங்க?” என்று ரோசரி ஆச்சரியப்பட்டாள். “அதுதானே படமே!”

“அது ஐரோப்பா ஆடுங்க. ஒசரமா இருக்கும். நம்ம ஊர் ஆடு ஈடு கொடுக்காது.”

“அதெல்லாம் திருவெள்ளறைல எங்க சித்தப்பாகிட்ட கன்னுக்குட்டி சைஸுல ஒரு கறுப்புக் கிடா இருக்கு” என்றான் அழகிரி. “நாளைக்கே ஓட்டியாந்துடுறேன். நீயும் வா.”

*

டவுன் பஸ்ஸில் ஆட்டை ஏற்றியபோது கண்டக்டர், “இது எங்கய்யா எறங்கும்?” என்று கேட்டார். ஸ்ரீரங்கம் என்றான் அழகிரி. “கோயிலுக்கா?” “இல்லண்ணே, காலேஜுக்கு.” கண்டக்டர் மூன்று டிக்கெட் கிழித்தார்.

போட்டி வரையில் ஆடு அழகிரி வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. அவன் அம்மா ரங்கநாயகி பூ கட்டி விற்பவள். ஆட்டைக் கொல்லையில் கட்டிவிட்டு இருவரும் தண்ணீர் குடிக்க உள்ளே போனார்கள். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிற நேரத்தில் கொல்லையில் இருந்த அவள் கூடை காலி.

“பாவி!” என்று ரங்கநாயகி கத்தினாள். “பெருமாளுக்குப் போக வேண்டிய துளசிடா!”

“ஆட்டுக்கு என்னம்மா தெரியும்?”

“அதுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? இது என்ன ஆடு?”

“பேயோட வாகனம்மா” என்று அழகிரி வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

அடுத்த பஸ்ஸிலேயே ஆடு ஆற்றைக் கடந்து மேலப்புதூருக்கு வந்தது. கிளமென்ட் வீட்டில் இடம் இல்லை. ஆகவே தைரியராஜ் வீட்டு முருங்கைமரத்தில் கட்டினார்கள்.

அவன் அம்மா சகாயம்மாள், கறியைத் தள்ளிவைத்து ஈஸ்டருக்காகக் காத்திருக்கும் தவக்காலத்தில் மகன் பேய்ப்பாட்டு வாசிப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “இழுத்து இழுத்து அழுவுற மாதிரிதானே வாசிக்கிறான்? தவக்காலத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். ஆனால் மேலப்புதூரில் தவக்காலத்தில் ஒரு வீட்டு வாசலில் கொழுத்த கிடா நின்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

“ஈஸ்டருக்கா?” என்று கேட்டுக்கொண்டு முதலில் எதிர்வீட்டு பாக்கியமேரி வந்தாள்.

“இல்லைங்க, இது பாட்டுக்கு…” என்று தைரியராஜ் ஆரம்பித்தான்.

“இருக்கட்டும் தம்பி, கண்ணு பட்டுடும்னு சொல்ல மாட்டீங்க. எங்களுக்கு ஈரல் மட்டும் எடுத்து வைங்க.”

இரண்டாவது நாள், கறி வேண்டுமென்று சொல்லிவைத்தவர்களுக்குக் கொடுக்க ஆட்டில் இடம் போதவில்லை. ஒரே ஆட்டின் தலையை மூன்று பேர் கேட்டிருந்தார்கள். இல்லை என்று சொல்ல வாய் வராத சகாயம்மாள் எல்லோருக்கும் தலையாட்டினாள். ஆடு இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. முருங்கைக்கீரையை மென்றுகொண்டே தைரியராஜை அப்படியே பார்த்தது. இன்னாசிராஜ் சொன்ன அதே பார்வை.

“ஒரு கண்ண மூடிட்டா அச்சு அசலா அந்த ஆடேதாங்க” என்று ரோசரி, இரண்டாவது கையுறைக்காகப் புதிதாக வாங்கிய துணியின் மிச்சத்தில் அதற்கு ஒரு கண்பட்டி தைத்துக் கட்டினாள். அவ்வளவு பக்கத்தில் அவள் நின்றதில் தைரியராஜுக்கு ஆட்டின்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்துவிட்டது.

அப்போதுதான் கிளமென்ட் வந்து அந்தக் குண்டைப் போட்டான்.

“போட்டிக்கு நம்ம சின்னையாண்ணனக் கூப்பிட்டுட்டேன்டா.”

“எந்தச் சின்னையா?”

“தியேட்டர்ல டார்ச் அடிச்சு சீட்டுக் காட்டுவாரே, அவருதான். ஒவ்வொரு பேய்ப்படத்தையும் எல்லாக் காட்சியும் பாத்த மனுஷன். திருச்சியிலயே இதுல அவர மிஞ்சி ஆள் கிடையாது. படத்த அப்படியே மேடைல எறக்கிருக்கோம்னு அவர் வாயால சொல்லட்டும்.”

தைரியராஜ் முகம் ஆட்டின் முகத்தைவிடக் கறுத்தது. இன்னாசிராஜ் அண்ணன் ஏதாவது ஒரு இடத்தில் மாற்றிச் சொல்லியிருந்தால்? எல்லாக் காட்சியும் பார்த்தவர் கண்ணுக்கு அது தப்புமா? ‘இவன் படமே பார்க்கவில்லை’ என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டால்? ரோசரி அப்புறம் எப்படிப் பார்ப்பாள்? பேண்டில் மட்டும் சேர்க்காதே என்றா சொல்வாள்?

மறுநாள் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராகத் தியேட்டருக்குப் போனான். சின்னையா வாசலில் நின்று டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, போட்டிக்கு நீங்க வர வேணாம்ணே.”

“ஏன் தம்பி?”

ஏன் என்று யோசித்துக்கொண்டு வரவில்லை. “அது… ரொம்பப் பயமா இருக்கும்ணே. எங்க பாட்டக் கேட்டுட்டு ரெண்டு பேரு மயக்கம் போட்டுட்டாங்க. உங்களுக்கு எதுக்கு?”

டிக்கெட் கிழிக்கிறவரும் சைக்கிள் ஸ்டாண்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னையா மீசையைத் தடவிக்கொண்டார்.

“யாருக்குத் தம்பி பயம்? எனக்கா? இந்த ஊர்ல டிராகுலாவுக்கே டார்ச் அடிச்சு வழிகாட்டுனவன் நான். கேட்டீங்களாய்யா இந்தக் கூத்த? வரேன் தம்பி. முன்வரிசைல வந்து உக்காந்து கேக்குறேன்.”

வராமலும் இருந்திருக்கக்கூடிய மனிதர், இப்போது சைக்கிள் ஸ்டாண்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவதாக ஆயிற்று.

*

கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மெட்ராஸ் நடுவர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் சின்னையா. மேடையில் அட்டைக் கோட்டை, அதில் ஐந்து படி, மூன்றாவது படியில் கண்பட்டி கட்டிய ஆடு. அதன் கழுத்தில் மாதா கோவில் பூசைமணி ஒன்று. அதை ரோசரி எப்படிக் கொண்டுவந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

தைரியராஜ் எப்போதும் போலக் கண்ணை மூடினான். முதல் கம்பி அதிர்ந்தது.

அரங்கில் இருமல் நின்றது. அழகிரி ஒரு அடி அடித்தான். மழை வருவதற்கு முன் வானம் இருக்கிற மாதிரி ஒரு கனம் இறங்கியது. ரோசரியின் ஆர்கன் எங்கோ ஆழத்திலிருந்து ஏறிவந்தது. கீல் முனகியது, காற்று அறைந்தது, செருப்பு இழுபட்டது. எல்லாம் தைரியராஜின் விரலிலிருந்து. பின்வரிசையில் யாரோ “யேசுவே” என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆட்டுக்கு மைதா வாசம் அடித்தது. சவப்பெட்டியின் அட்டையை முழுக்க மைதாப் பசையால்தான் ஒட்டியிருந்தார்கள். ஆடு படியிறங்கி, மணி ஆட, சவப்பெட்டியின் மூடியை அவசரமில்லாமல் தின்ன ஆரம்பித்தது. தாளத்துக்கு அது மென்றது. கிளமென்ட் கயிற்றை இழுத்தான். பெட்டிக்குள்ளிருந்து கையுறை மாட்டிய இரண்டு பொம்மைக் கைகள் எழும்பின. ஆடு ஒரு கையுறையை வாயில் கவ்விக்கொண்டு சபையைப் பார்த்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் வீறிட்டு அலறினாள். பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலில் ஆடுதான் பயந்துபோனது.

நடுவர் மேடைக்கே வந்துவிட்டார். மைக்கைப் பிடித்தார்.

“இப்படி ஒரு இசைய நான் மெட்ராஸ்ல கேட்டதில்ல. இந்த கேசட்ட நான் போடுறேன்.” கிளமென்ட் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “ஆனா ஒரு சந்தேகம். எந்தப் படத்துலேருந்து எடுத்தீங்களோ, அத நான் பாத்துருக்கேன். அதுல ஆடே கிடையாதே?”

தைரியராஜ் கண்ணைத் திறந்தான். திறக்காமலே இருந்திருக்கலாம். ரோசரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. கிளமென்ட் முகமும் வெளுத்திருந்தது. அழகிரி டிரம்முக்குப் பின்னால் தலையை இறக்கிக்கொண்டான். எல்லாம் தன்னால்தான் என்று தைரியராஜ் ஒரு அடி முன்னால் வந்தான். “சார், அது வந்து…” என்று தொடங்கினான். கேசட் போகட்டும், ரோசரி முன்னால் தானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

“இருக்கு சார்!” என்று கிளமென்ட் அவனை முந்திக்கொண்டு கத்தினான். “நாலு பேரும் எங்க கண்ணால பாத்தோம். நம்பலன்னா தோ, சின்னையாண்ணனக் கேளுங்க. ஒரு காட்சி விடாம தியேட்டருக்குள்ளயே இருந்தவரு.”

கூட்டம் திரும்பியது. சின்னையா எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடை ஏறினார். நடுவர் மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“நீங்க சொல்லுங்க. அந்தப் படத்துல ஆடு உண்டா, இல்லையா?”

சின்னையா ஆட்டைப் பார்த்தார். நால்வரையும் பார்த்தார். மைக்கைப் பார்த்ததும் அவர் மீசை கொஞ்சம் தொங்கிப்போயிற்று.

“மைக்கப் புடிச்சுக்கிட்டுப் பொய் சொல்ல மாட்டேங்க, பயந்துக்கிட்டு நான் ஒரு நாளும் ஸ்கிரீன் பக்கம் திரும்புனதே இல்ல, அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஜனங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன், அதனால ஆடு வருதா மாடு வருதான்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த நாலு புள்ளைங்களும் லைட்ட அணைச்சதுலேருந்து திரும்பப் போடுற வரைக்கும் ஒருத்தர்கூட கண்ணத் தொறந்ததில்லைங்கிறதுக்கு நான் சாட்சி!”